அறிவிப்பு அக்காவின் மூன்றாவது வாக்கியம்

எங்கள் கட்டடத்தில் யாராவது இறந்துபோனால் முதலில் சொந்தக்காரர்களுக்குத்தான் தகவல் போகும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. முதலில் இரண்டாம் மாடிக்கு ஆள் ஓடும், அறிவிப்பு அக்காவைக் கூப்பிட. அவர் வந்து வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் மற்ற காரியங்கள் எல்லாம் நடக்கும்.

அக்காவுக்குப் பேருந்து நிலையத்தில் வேலை. ஒலிபெருக்கியில் "தடம் எண் பதினான்கு, மூன்றாவது நடைமேடையிலிருந்து இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும்" என்று வருகிறதே, அந்தக் குரல் அவருடையது. இருபத்தாறு வருடமாக அதே குரல், அதே நிதானம். பஸ் இரண்டு மணி நேரம் தாமதம் என்பதைக்கூட அக்கா சொன்னால் ஏதோ நல்ல சேதி கேட்ட மாதிரி இருக்கும். அவருக்கும் அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. மின்சார பில்லைத் தவிர வேறு யாரும் அதை உபயோகித்து நான் பார்த்ததில்லை.

நான் அதே கட்டடத்தின் தரைத்தளத்தில், லிஃப்ட்டுக்குப் பக்கத்து அறையில் தையல் கடை வைத்திருப்பவள். புதுத்துணி தைப்பதில்லை. பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, பிடித்த இடுப்பை அடுத்த வருடம் பிரித்து விடுவது, இவ்வளவுதான். வாய் கொஞ்சம் கூர் என்பதால் அக்கா எனக்கு வைத்த பெயர் ஊசி. கட்டடமே அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

துக்கம் விசாரிப்பது என்று சும்மாவா சொல்கிறோம். வருகிறவர்கள் நிஜமாகவே விசாரிக்கத்தான் வருகிறார்கள். எப்போ ஆச்சு, எப்படி ஆச்சு, யார் முதல்ல பார்த்தது, சுகர் இருந்துச்சா, பிரஷர் இருந்துச்சா, நேத்துகூடப் பார்த்தேனே நல்லாத்தானே இருந்தார். போலீஸ் ஸ்டேஷனில்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். இதில் பாதிப் பேர் செத்தவருக்காகக் கேட்பதே இல்லை என்பது அக்காவின் கணக்கு. "அவருக்கு சுகர் இருந்துச்சுன்னு தெரிஞ்சா, சுகர் இல்லாதவன் நிம்மதியா வீட்டுக்குப் போவான்" என்பார். "சிகரெட் பிடிச்சார்னு தெரிஞ்சா, பிடிக்காதவன் நிம்மதியா போவான். ஒண்ணுமே இல்லாம போயிட்டார்னு சொல்லிப்பாரு, அத்தனை பேரும் மூஞ்சி செத்துப்போய்த் திரும்புவாங்க."

பதினாறு வருடத்துக்கு முன்னால் அக்காவின் அம்மா குளியலறையில் விழுந்து போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு வந்தவர்கள் அறுபத்து மூன்று பேர். அறுபத்து மூன்று பேரிடமும் அக்காவே, சோப்பு வழுக்கியதிலிருந்து ஆரம்பித்து, முழுக்கச் சொன்னார். நாற்பதாவது தரம் சொல்லும்போது தன் வாயிலிருந்து வருவது மகளின் குரல் இல்லை, பேருந்து நிலையக் குரல் என்று அவருக்கே கேட்டிருக்கிறது. "பயணிகளின் கவனத்திற்குன்னு ஆரம்பிக்காததுதான் பாக்கி, ஊசி" என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும், அன்றைக்குத் தன் அம்மாவுக்காக ஒழுங்காக அழக்கூட முடியவில்லை என்ற கோபம் அவருக்குப் போகவே இல்லை. அதனால்தான் அந்த ஏற்பாடு. துக்க வீட்டுக்காரர்கள் ஒரே ஒரு தரம் சொன்னால் போதும், அதுவும் அக்காவிடம். மீதி அறுபத்திரண்டு பேர் அக்கா பொறுப்பு.

அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு, கோடு போட்ட நோட்டைத் திறந்து, வீட்டுக்காரர்களிடம் ஏழு கேள்வி கேட்பார். எத்தனை மணி, எந்த இடம், யார் பக்கத்தில் இருந்தது, கடைசியாக என்ன பேசினார், யாருக்கு இன்னும் சொல்லவில்லை, எதை யாரிடம் சொல்லக் கூடாது, ஏழாவதாக, நீங்கள் சாப்பிட்டீர்களா. பிறகு வாசலுக்கு வந்து, வருகிறவர்களிடம் மூன்றே வாக்கியம் சொல்வார். முதல் வாக்கியம், எப்போது எங்கே. இரண்டாவது, யார் கூட இருந்தார்கள். மூன்றாவது, "கஷ்டப்படல." அவ்வளவுதான், நான்காவது வாக்கியம் கிடையாது. யாராவது விடாமல், "ஏன் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போகலை?" என்று இழுத்தால், "உங்க வண்டி கேட்டை மறிச்சு நிக்குதான்னு பாருங்க" என்பார். கேட்டவர் வண்டியைப் பார்க்க ஓடிவிடுவார். வண்டியே இல்லாத ஒருவர்கூட ஒருமுறை ஓடியிருக்கிறார்.

அக்காவுக்கு ஷிஃப்ட் இருக்கும் நாட்களில் நாற்காலி எனக்கு. எனக்குத்தான் எதையும் கண் காது மூக்கு வைக்காமல் சொல்ல வராதே. மூன்றாம் மாடிப் பெரியவர் தூக்கத்தில் போனதை நான் சொன்ன அழகில், அவர் கனவில் என்ன கண்டார் என்பதுவரை போய்விட்டது. அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். அதிலிருந்து நானும் மூன்று வாக்கியத்தோடு நிறுத்தக் கற்றுக்கொண்டேன்.

இனி மாமாவைச் சொல்ல வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர், எங்களுக்கெல்லாம் லிஃப்ட்டு மாமா. நகரத்தில் பாதி லிஃப்ட்டுகளை ஓட வைத்தவர், எங்கள் கட்டட லிஃப்ட்டை மட்டும் மாதத்தில் பத்து நாள் நிறுத்தி வைத்திருப்பார். கேட்டால், "வீட்டு வேலைக்கு லீவு நாள்லதான் டைம்" என்பார். லீவு நாளில் தூங்குவார். நல்ல மனிதர், சிரித்த முகம். ஐம்பத்தொன்பது வயதில் அவர் தலைமுடி அண்டங்காக்கை மாதிரி இருந்தது. "எங்க பரம்பரையில யாருக்கும் நரைக்காது" என்று பெருமையாகச் சொல்வார். சொல்லும்போது பக்கத்தில் அவருடைய சொந்தத் தம்பி பஞ்சுப்பொதி போன்ற தலையோடு நின்றுகொண்டிருப்பார்.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை மாமா தனியாக எங்கேயோ போய்விட்டு, பளபளவென்று திரும்பி வருவார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டது என்று நினைக்குமாம். அது சாயம் என்று கட்டடத்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அக்கா ஒருத்தருக்குத்தான் தெரியாது என்று நாங்கள் உறுதியாக நம்பினோம். தெரிந்திருந்தால் அந்த வாய் சும்மா இருக்குமா?

அப்படி ஒரு இரண்டாவது சனிக்கிழமை, காலையில் போன மாமா மதியம் மூன்று மணிக்கு ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார், உயிர் இல்லாமல்.

அக்காவிடம் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஏழு கேள்வி கேட்க எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை. மாமாவின் தம்பி என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, தாழ்ந்த குரலில் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"சலூன்ல இருந்திருக்கார். டை அடிக்கறப்ப நெஞ்சு வலி வந்திருக்கு. சலூன்காரர்தான் எனக்குப் போன் பண்ணினார். வண்டியிலேயே போயிட்டார். அண்ணிக்கு அந்த சலூன் விஷயம் தெரியாது. இந்த நேரத்துல தெரிய வேண்டாம், பாவம்."

"கடைத்தெருன்னு சொல்லிடறேன்" என்றேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எதை யாரிடம் சொல்லக் கூடாது என்பது ஆறாவது கேள்விதானே.

நாற்காலியை இரண்டாம் மாடி வாசலிலேயே போட்டு உட்கார்ந்தேன். டிரைவர்கள் வந்தார்கள், கண்டக்டர்கள் வந்தார்கள், லிஃப்ட் கம்பெனி ஆட்கள் வந்தார்கள், மாமா எப்போதோ லிஃப்ட்டுக்குள்ளிருந்து மீட்ட ஒரு அம்மாள் வந்தார். எல்லாரிடமும் ஒரே மாதிரி சொன்னேன். "பத்தரை மணிக்குக் கடைத்தெருவுல நெஞ்சு வலி வந்துச்சு. பக்கத்துல இருந்தவங்க உடனே ஆம்புலன்ஸ் கூப்பிட்டாங்க. கஷ்டப்படல." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு, எழுபது தரத்துக்கு மேல் சொல்லியிருப்பேன். உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்த அக்கா, நான் மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் நன்றாகச் சொல்கிறேன் என்று பார்க்கிறார் என நினைத்துக்கொண்டேன். மடச்சி.

தூரதேசத்தில் வேலையாக இருக்கும் மகள் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். புறப்படும் அன்று காலை என் கடைக்கு வந்து, பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு நின்றாள்.

"சித்தி, அப்பா கஷ்டப்பட்டாரா?"

"கஷ்டப்படலம்மா" என்றேன்.

"இது அம்மா எல்லார் வீட்டுலயும் சொல்றதாச்சே, சித்தி" என்றாள். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று நான் இரண்டு பேன்ட்டுகளை அளவு தப்பி வெட்டினேன்.

அதற்கு மூன்று நாள் கழித்து அக்கா கடைக்கு வந்தார். கையில் அந்தக் கோடு போட்ட நோட்டு. துணி மூட்டைகளைத் தள்ளிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"சொல்லு ஊசி. எத்தனை மணி?"

"என்னக்கா இதெல்லாம்?"

"எத்தனை மணி?"

"பத்தரை."

"எந்த இடம்?"

"கடைத்தெரு."

"கடைத்தெருவுல என்ன வேலை?"

"ஏதோ சாமான் வாங்க..."

"பை?"

"பையா?"

"பை இல்லாம அந்த மனுஷன் ஒரு தீப்பெட்டி வாங்கக்கூடப் போனதில்லை. அன்னிக்குக் கையை வீசிக்கிட்டுப் போனார். சரி, அதை விடு. கஷ்டப்படலைன்னு யார் சொன்னா?"

நான் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி பாவனை செய்தேன். அக்கா காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குத் தொழில்.

"நீங்கதானேக்கா சொல்லிக் குடுத்தீங்க" என்றேன் கடைசியில்.

அக்கா நோட்டை மடியில் வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபம் வரவில்லை.

"இந்த நோட்டுல நாப்பத்தோரு வீடு இருக்கு" என்றார். "நாப்பத்தோரு வீட்டுலயும் கஷ்டப்படலைன்னு சொல்லியிருக்கேன். ராத்திரி பகலா எண்ணிப் பார்த்தேன். எத்தனை வீட்டுல அது நெஜம்னு எனக்குத் தெரியும்? ஒம்பது வீடு. மத்ததெல்லாம் சும்மா சொன்னது. நல்லதுக்குத்தான் சொன்னேன். ஆனா இப்ப பாரு, என் வீட்டுக்காரரைப் பத்தி யார் அதைச் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வர மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைக் கேட்டேன். கஷ்டப்பட்டிருக்க மாட்டார்ங்கிறார். நர்ஸைக் கேட்டேன், அதேதான். எல்லாரும் என்கிட்ட வந்து பாடம் படிச்சுட்டுப் போன மாதிரி இருக்கு."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பழமொழியைச் சொல்கிற நேரமா அது? நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அதுவே அபூர்வம்.

"ஆம்புலன்ஸ் டிரைவரையும் தேடிப் பிடிச்சேன்" என்றார் அக்கா. "அவர் ஒருத்தர்தான் புதுசா ஒண்ணு சொன்னார். வண்டியில ஏத்தறப்ப தலை ஈரமா இருந்துச்சு மேடம்னார். இப்பதான் குளிச்ச மாதிரி. நெஞ்சு வலி வந்த ஆளுக்குத் தலை எதுக்கு ஈரமாகணும்?"

எனக்குத் தெரியவில்லை. மாமாவின் தம்பி அதை என்னிடம் சொல்லவில்லை.

"எழுந்திரு" என்றார் அக்கா. "சலூனுக்குப் போயிட்டு வரலாம்."

"எந்த சலூன்?" என்றேன், கடைசி முயற்சியாக.

"எட்டாவது ஸ்டாப்ல இறங்கி, சைக்கிள் கடைக்கு எதிர்ல. பதினெட்டு வருஷமா, ரெண்டாவது சனிக்கிழமை, பத்து மணி பஸ். இந்த ஊர்ல எந்த பஸ்ல யார் ஏறி எங்க இறங்கினாலும் சாயங்காலத்துக்குள்ள எனக்குச் சொல்ல நூத்தம்பது கண்டக்டர் இருக்காங்க, ஊசி. அப்புறம், அந்தத் தலையணை உறையைத் துவைக்கறது யாருன்னு நினைச்சீங்க நீங்கள்லாம்?"

அடுத்த பஸ்ஸிலேயே ஏறினோம். கண்டக்டர் அந்த நூற்றைம்பதில் ஒருவராக இருக்க வேண்டும், எங்களைப் பார்த்ததும் பின்வாசலுக்குப் போனவர் திரும்பவே இல்லை.

சலூனில் இரண்டு நாற்காலிகள். ஒன்று காலி. மற்றதில் முகம் முழுக்க நுரையோடு ஒருவர் சாய்ந்திருந்தார். சலூன்காரர் ஒல்லியான மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு சவரம் செய்துகொண்டிருந்தார்.

"இங்க ரெண்டாவது சனிக்கிழமை ஒருத்தர் வருவார்ல?" என்றார் அக்கா.

அவ்வளவுதான் கேட்டார். கத்தி அப்படியே நின்றது. பேருந்து நிலையத்தில் கால் வைக்காதவர் இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? குரலிலேயே ஆளைக் கண்டுகொண்டுவிட்டார்.

"அவரோட வீட்டுக்காரம்மாவா?" என்றார். பிறகு அவசரமாக, "அவர் கஷ்டப்படலம்மா" என்றார்.

"அதை விடுங்க. அது என் சரக்கு. பதினாறு வருஷமா நான் வித்ததை என்கிட்டயே விக்காதீங்க" என்று அக்கா காலி நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். "முதல்லேருந்து நடந்ததைச் சொல்லுங்க."

அது மாமா உட்கார்ந்த நாற்காலி என்று சலூன்காரரின் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்திருக்கும். அவர் எழுந்திருக்கவில்லை.

"சாயம் பூசி உக்கார வச்சேன்" என்று சலூன்காரர் ஆரம்பித்தார். "இருபத்தஞ்சு நிமிஷம் ஊறணும். பத்து நிமிஷத்துல நெஞ்சைத் தடவிக்கிட்டார். வாயுன்னார். கொஞ்ச நேரத்துல வேர்க்க ஆரம்பிச்சுது."

"வலிச்சுதா?"

சலூன்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வலிச்சுதும்மா. நல்லா வலிச்சுது. இந்தச் சேர் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார். பேசிக்கிட்டேதான் இருந்தார், ஆனா நடுநடுவுல பேச்சு நின்னுடும். கண்ணை மூடிக்குவார்."

அக்கா எழுதினார். எழுத்து ஒழுங்காகக் கோட்டின் மேலேயே போனது.

"ஏன் உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடல?"

எந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எல்லாம் வண்டியைப் பார்க்க அனுப்புவாரோ, அதே கேள்வி. சலூன்காரர் கத்தியைத் துடைத்தார். துடைத்த கத்தியை மறுபடி துடைத்தார்.

"கூப்பிடறேன்னு போனை எடுத்தேன்மா. கையைப் பிடிச்சுட்டார். முதல்ல தலையைக் கழுவு, அப்புறம் போன் பண்ணலாம்னார். விளையாடாதீங்க சார்னேன். 'இந்தக் கோலத்துல ஆஸ்பத்திரிக்குப் போனா, அங்க முதல்ல ஓடி வர்றது என் பொண்டாட்டிதான். பதினெட்டு வருஷமா அவளுக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சுதுன்னா கிண்டல் பண்ணியே என்னைக் கொன்னுடுவா'ன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். நான் மாட்டேன்னதும் அவரே எழுந்து போய்க் குழாய்ல தலையைக் குடுத்துட்டார். வேற என்ன பண்றது, கழுவி விட்டேன். துடைச்சு விட்டேன். அப்புறம்தான் போன் பண்ணினேன்."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம்" என்றார். "அதை நான் உங்க கொழுந்தன்கிட்ட சொல்லலைம்மா. வாய் வரல."

அக்கா நோட்டை மூடினார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நான் எழுந்து பக்கத்தில் போனால், சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாத சிரிப்பு. அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நுரைக்காரர் கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன்க்கா அவர்கிட்ட சொல்லாம இருந்தீங்க?" என்று கேட்டேன். என் வாய்க்கு அந்த நேரத்திலும் அடக்கம் இல்லை.

"ரிடையர் ஆகிற அன்னிக்குச் சொல்லலாம்னு வச்சிருந்தேன்" என்றார் அக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "கம்பெனியில கூட்டம் வைப்பாங்க. சம்சாரத்தையும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்வாங்க. என் கையில மைக் கிடைச்சா எப்படி இருக்கும்? 'மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை எட்டாவது நிறுத்தத்தில் இறங்கும் கருங்கூந்தல் பயணியின் கவனத்திற்கு'ன்னு எழுதியே வச்சுட்டேன். சொல்லிப் பார்த்துச் சொல்லிப் பார்த்து, குளிக்கறப்ப எல்லாம் சிரிப்பேன். இன்னும் நாலு மாசம்தான் இருந்துச்சு, ஊசி."

நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது, அழுதேன்.

சலூன்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "உங்களை ஒண்ணு கேக்கலாமாம்மா?" என்றார். "அந்தப் பத்து நிமிஷம் முன்னாடி கூப்பிட்டிருந்தா பிழைச்சிருப்பாரா? நானும் கேக்காத ஆள் இல்லை. மருந்துக்கடைக்காரர் கண்டிப்பா பிழைச்சிருப்பார்ங்கிறார். இங்க ஷேவிங்குக்கு வர்ற மாட்டு டாக்டர் வாய்ப்பே இல்லைங்கிறார். போன்ல தேடினா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி சொல்லுது. யார் சொன்னாலும் ரெண்டு நாளைக்குத்தான் நிக்குது, அப்புறம் வேற ஆளைக் கேக்கத் தோணுது."

"என் மச்சானுக்கு இதே மாதிரிதான்..." என்று நுரைக்காரர் ஆரம்பித்தார். சலூன்காரர் திரும்பிப் பார்க்காமலே அவர் தலையைப் பிடித்துப் பின்னால் சாய்த்தார்.

அக்கா அந்த மனிதரை நிமிர்ந்து பார்த்தார். இதோ அந்தக் குரல் வரப்போகிறது, மூன்று வாக்கியத்தில் அவர் நெஞ்சை ஆற்றிவிடப் போகிறது என்று நான் காத்திருந்தேன்.

"தெரியாது" என்றார் அக்கா. "எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, மாட்டு டாக்டருக்கும் தெரியாது. தப்புன்னு பார்த்தா உங்க பேர்ல பத்து நிமிஷம் இருக்கு, என் பேர்ல பதினெட்டு வருஷம் இருக்கு. 'என்னங்க, இந்த மாசம் கலர் கொஞ்சம் தூக்கலா இருக்கே'ன்னு ஒரு தடவை நான் வாயைத் திறந்திருந்தா, அந்த மனுஷன் சாயத் தலையோட நேரா வண்டியில ஏறியிருப்பார். ஏறியிருந்தா பிழைச்சிருப்பாரான்னு கேக்காதீங்க. அதுவும் தெரியாது."

சலூன்காரரின் முகம் நாங்கள் உள்ளே நுழைந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் தெளிந்திருந்தது. வாசல்வரை வந்து, "இனிமே இந்தப் பக்கம் வந்தா உள்ள வாங்கம்மா" என்றார். வருகிறேன் என்று அக்கா சொன்னார். அவர் போகவும் செய்தார், இப்போதும் போகிறார். மாமாவைப் பற்றி அக்காவுக்குத் தெரியாத பதினெட்டு வருடப் பேச்சு அந்த மனிதரிடம் இருக்கிறது.

எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். சரியாக ஐந்து மணிக்கு மகளின் போன் வந்தது. தினமும் வருவதுதான். தினமும் அவள் என்னிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்பதும், அக்கா சாப்பாட்டைப் பற்றிப் பேசி நழுவுவதும் எனக்குத் தெரியும். தெருவின் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை என்று அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"சாப்பிட்டியாம்மா?" என்றாள் மகள்.

"அப்புறம் சாப்பிட்டுக்கலாம். நீ கேட்டியே, அப்பா கஷ்டப்பட்டாரான்னு. சொல்றேன், உக்காந்துக்கோ" என்றார் அக்கா. "ஆமா. நல்லா வலிச்சிருக்கு."

சாயம், நாற்காலி, குழாய், பத்து நிமிடம், எதையும் அவர் விடவில்லை. மூன்று வாக்கியத்தில் அடங்கவும் இல்லை. நடுவில் எங்கள் பஸ் வந்து நின்று, கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் போனது. பேருந்து நிலையக் குரலும் அதில் இல்லை. தொண்டை கம்மிய, சாதாரணமான ஒரு பொம்பளையின் குரல் அது. அம்மா கிண்டல் பண்ணியே கொன்றுவிடுவாள் என்று அப்பா சொன்னதையும் சொன்னார். தனக்கு முன்னாலேயே தெரியும் என்பதையும் சொன்னார்.

அந்தப் பக்கம் மகள் அழுதாள். அக்கா போனைப் பிடித்தபடி நின்றார். நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் கழித்து அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"கலர் நல்லா வந்துச்சாம்மா?"

"நல்லா வந்திருந்துச்சும்மா" என்றார் அக்கா. "பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருந்தார். அவசரத்துல கழுவினதுல ஒரு காதுக்குப் பின்னாடி மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நீங்கள்லாம் பார்க்கறதுக்கு முன்னாடி நான் துடைச்சு விட்டுட்டேன்."